ஓய்வு என்னும் மருந்து

மனிதருக்கே மருந்து கிட்டாத நாட்களில் ஓர் எலிக்கு மருந்து தேடி அலைந்த கதையைச் சொல்லப் புகுந்தால், வாசகர்களிற் சிலர் முகஞ் சுளிக்கக் கூடும். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. 2022 மார்ச்சு மாத இறுதியை நினைத்துப் பாருங்கள். அந்நியச் செலாவணி வற்றி, மருந்துக் கப்பல்கள் வராமையால் பேராதனை போதனா மருத்துவமனையில் முன்கூட்டியே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திப் போடப்பட்டன. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மண்ணெண்ணெய்க்கும் சமையல் வாயுவுக்கும் மக்கள் விடியுமுன்னரே வரிசையில் நின்றனர். அத்தகைய வேளையில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிற்றுயிருக்காக ஓர் ஆசிரியனும் ஒரு மாணவனும் தெருத்தெருவாக அலைவது தகுமா? அந்த வினாவைத் தட்டிக் கழிக்காமல் எடுத்து ஆராய வேண்டுமென்பதே என் நோக்கம்.

நான் வெள்ளவத்தையில் வாடகைக்குக் குடியிருப்பவன். கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிப்பவன். என் வகுப்பு மாணவன் ஒருவனுடைய தாய், நான் வசிக்கும் அதே வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடி வீடொன்றிலே சமையலும் துப்புரவும் செய்து வந்தார். அவ்வாண்டு பெப்ரவரியில் அவ்வீட்டார் கனடாவுக்குப் புறப்பட்டனர். கட்டிலும் அலுமாரியும் விலைப்பட்டன. குளிரூட்டியை உறவினர் ஒருவர் கழற்றிச் சென்றார். வாங்குவாரின்றி எஞ்சியது ஒரு கம்பிக்கூடும், அதனுள் பொன்னிறமான ஒரு ஹாம்ஸ்டரும். பன்னிரண்டு ஆண்டுகள் அவ்வீட்டில் உழைத்த அந்தத் தாய்க்குக் கடைசி மாதச் சம்பளத்தோடு அதுவும் கிடைத்தது.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குத் தொலைவு பத்துக் கிலோமீற்றருக்கு மேல் இராது. ஆயினும் அந்தப் பயணத்தில் அச்சிறு பிராணி ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொரு வர்க்கத்துக்குக் குடிபெயர்ந்து விட்டது. குளிரூட்டிய அறையில் சூரியகாந்தி விதை தின்று வாழ்ந்தது, தகரக் கூரையின் கீழ் ஐந்து பேர் படுத்தெழும் ஒற்றை அறையில், அரிசிக் குறுநொய்யும் கரட் துண்டும் தின்னப் பழகிற்று. பையனோ அதனைக் கண்ணின் மணியாகக் காத்தான். தான் பெற்ற பொருள்கள் அனைத்தும் பிறர் பயன்படுத்திக் கழித்தவையாகவே இருந்த வாழ்வில், தன்னை நம்பி உயிர் வாழும் ஒன்று கிடைத்தது அவனுக்கு அதுவே முதல் தடவை.

ஹாம்ஸ்டர் இரவில் விழித்திருக்கும் இயல்புடையது. கூட்டினுள்ளே பொருத்தியிருக்கும் சிறு சக்கரத்தில் ஏறி ஓடத் தொடங்கினால் எளிதில் ஓயாது. சக்கரம் கம்பிப் படிகளால் ஆனதாயின் அந்த ஓட்டத்தில் கால் இடறி அகப்பட்டுக் கொள்வதுண்டு. மின்சாரமற்ற ஓரிரவில் அவ்வாறே நேர்ந்தது. விளக்கேற்றிப் பார்க்கையில் அதன் பின்னங்கால் ஒன்று திரும்பித் தொங்கிக்கொண்டிருந்ததாம்.

மறுநாட் காலை வகுப்புத் தொடங்குமுன் பையன் என்னிடம் வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைத் தகட்டை எடுத்து நீட்டினான். தந்தைக்கு முன்னொரு காலத்தில் மருத்துவர் எழுதிக் கொடுத்ததில் எஞ்சிய அமொக்சிசிலின் அது.

“சேர், இதுல எத்தன பங்குல ஒரு பங்கு குடுக்கலாம்? அப்பாவோட எடையையும் இதோட எடையையும் வச்சுக் கணக்குப் போட்டுப் பாத்தேன். ஆனா சரியான்னு தெரியல.”

கணக்குச் சரியாகவே இருந்தது. ஆனால் மருந்து? பேராதனையில் மிருக வைத்தியம் பயிலும் என் பழைய மாணவி ஒருத்தியைத் தொலைபேசியில் அழைத்தேன். அவள் பதறிவிட்டாள். பெனிசிலின் இனத்தைச் சேர்ந்த மருந்துகள் ஹாம்ஸ்டருக்கு நஞ்சு போன்றவை. அதன் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை அவை அழித்துவிட, தீய நுண்ணுயிர்கள் பெருகி நச்சைச் சுரந்து சில நாட்களில் உயிரையே வாங்கிவிடும் என்றாள். மனிதனைப் பிழைக்க வைப்பது பிறிதோர் உயிரைக் கொல்லும் என்ற இந்தச் செய்தி பையனைத் திகைக்க வைத்தது. தகட்டை மடித்து மீண்டும் பைக்குள் வைத்துக் கொண்டான்.

அன்று பாடசாலை விட்டதும் நாங்கள் இருவரும் காலணிப் பெட்டியொன்றில் அதனை வைத்துக்கொண்டு புறப்பட்டோம். முதலிற் சென்ற இடத்தில் நாய், பூனை தவிர வேறொன்றையும் பார்ப்பதில்லை என்றார்கள். அங்கு காத்திருந்த ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், “இதுக்கு வைத்தியம் பாக்கிற காசில புதுசா ரெண்டு வாங்கலாமே, தம்பி” என்றார். பையன் மறுமொழி கூறவில்லை. பெட்டியின் மூடியை மட்டும் சற்று இறுக மூடினான்.

இரண்டாவது இடத்தில் ஓர் இளம் பெண் வைத்தியர் இருந்தார். சிங்களவர். தராசில் வைத்து எடை பார்த்தார். நூற்றுப் பத்துக் கிராம். காலைத் தொட்டும் தொடாமலும் சோதித்தார். பிறகு பையனையே நோக்கிச் சிங்களத்தில் விளக்கலானார். அவனும் என்னைவிடச் சரளமாக அம்மொழியிற் கேள்விகள் கேட்டான். எலும்பு முறிந்திருக்கிறது, தோல் கிழியவில்லை, அது நல்லது. இவ்வளவு சிறிய காலுக்கு மட்டை கட்டினால் அது பல்லாற் கடித்துக் குதறிவிடும். ஆகவே கட்டு வேண்டாம். வலிக்கு எடைக்கேற்ப அளந்த சில துளி மருந்து. மற்றப்படி இதற்கு உண்மையான மருந்து ஒன்றே: ஓய்வு. சக்கரத்தை அகற்றிவிடு. ஏறி இறங்கும் தட்டுகளை அகற்றிவிடு. உயரமற்ற ஒரு சிறு பெட்டியில், உணவும் நீரும் வாய்க்கெட்டும் தூரத்தில் வைத்து, மூன்று கிழமைக்கு அதனை ஓடாமற் பார்த்துக்கொள். எலும்பு தானே பொருந்தும். இவ்வளவே அவர் கூறியது. கட்டணத்தில் பாதியை மட்டும் பெற்றுக்கொண்டார்.

அதன் பின்னர் நடந்தவற்றை நான் பார்த்தும் கேட்டும் அறிந்தேன். படுக்கைக்குக் கடதாசி வேண்டியிருந்தது. மணமிக்க மரத்தூள் ஹாம்ஸ்டரின் மூச்சுக்குழலுக்கு ஆகாது; கிழித்த வெறுங்கடதாசியே சிறந்தது. பரீட்சை வினாத்தாள் அச்சிடவே கடதாசி இல்லாத நாட்கள் அவை! என் மேசைக்கடியில் கிடந்த பழைய விடைத்தாள்களைக் கொடுத்தேன். இலக்கண வழுக்களும் சிவப்பு மைக் கோடுகளும் கீற்றுக் கீற்றாகக் கிழிபட்டு ஓர் உயிருக்கு மெத்தையாயின.

அடுத்த கவலை வெப்பம். மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் கொழும்பின் வெக்கையை நாமே தாங்க மாட்டோம். மென்மயிர் போர்த்த ஹாம்ஸ்டரோ வெப்பம் மிகுந்தால் மயங்கிச் சாய்ந்துவிடும். விசிறிக்கு மின்சாரம் இல்லை, பனிக்கட்டியும் கிடையாது. பையனின் பாட்டி வழி சொன்னார். புதுச் சட்டியொன்றை நீரில் ஊறவைத்துப் பெட்டியின் ஒரு மூலையில் கவிழ்த்து வைத்தார்கள். மண் கசியும் ஈரம் ஆவியாகையில் சட்டி குளிரும். அதன் மீது சாய்ந்து அது கண்ணயரும். தண்ணீர்ப் பானை தந்த பழைய அறிவு இங்கும் துணை செய்தது.

தின்னுகிறதா, இளைக்கிறதா என்றறிய நாடோறும் எடை பார்க்க வேண்டும். தெருமுனைச் சில்லறைக் கடைக்காரர் தம் மின்தராசைத் தந்தார். பால்மாவும் சீனியும் ஐம்பது கிராம், நூறு கிராம் என்று பொட்டலமாக விலைப்பட்ட நாட்கள். அந்தத் தராசிலேயே ஒவ்வொரு மாலையும் ஒரு கிண்ணத்தில் வைத்து ஹாம்ஸ்டர் நிறுக்கப்பட்டது. நூற்றெட்டு, நூற்றாறு, மீண்டும் நூற்றெட்டு. வரிசையில் நின்ற பெண்கள் தம் பொட்டலத்துக்குக் காத்திருந்தவாறே, “இன்னைக்கு எவ்வளவு?” என்று விசாரிக்கலாயினர்.

இரண்டாவது கிழமையில் ஒரு மாலை நான் அவ்வீட்டுக்குச் சென்றேன். பையனுடைய தந்தை புறக்கோட்டையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். அவர் நாட்டாமை. மொத்தக் கடைகளில் மூட்டை சுமப்பவரை நாம் அவ்வாறே அழைக்கிறோம். தேநீர் குடித்துக்கொண்டே பெட்டியைச் சுட்டிக் கேட்டார்:

“மூணு கிழமைக்குக் கால ஊண்டக் கூடாதாமே, மாஸ்டர்?”

“அப்படித்தான் டொக்டர் சொன்னார்.”

“போன வருசம் மூட்டை சரிஞ்சு என் கணுக்கால்ல விழுந்தப்போ எனக்கும் அதத்தான் சொன்னாங்க. நாலு கிழமை. நான் அஞ்சாம் நாளே போய்ட்டேன்.” சாரத்தைச் சற்று உயர்த்திக் கணுக்காலைக் காட்டினார். வீக்கம் முற்றாக வற்றாமல், எலும்பு ஒருபுறம் புடைத்து நின்றது. குரலில் முறைப்பாடு எதுவும் இல்லை. மழையைப் பற்றிப் பேசுவது போலவே அதைச் சொன்னார்.

பையன் தந்தையின் காலையே நோக்கிக் கொண்டிருந்தான். ஓர் ஆண்டாக அந்தக் கால் அவன் கண்முன்னேதான் நடந்து திரிந்தது. ஆனால் எலும்பு என்றால் என்ன, அது பொருந்துவதற்கு எத்தனை நாள் வேண்டும், அந்நாட்களில் ஓடினால் என்ன ஆகும் என்பவற்றை அவன் ஒரு ஹாம்ஸ்டரின் காலில் இருந்தல்லவா கற்றான்! “அப்பா, அப்ப உங்களுக்கு எலும்பு கோணலாத்தான் ஒட்டியிருக்கு” என்றான் மெல்ல. தந்தை சிரித்தார். “ஒட்டுனதே பெரிசுடா.”

ஹாம்ஸ்டரின் சக்கரத்தை அகற்றுவதற்கு ஒரு கை இருந்தது. நாட்டாமையின் சக்கரத்தை அகற்ற எந்தக் கை இருக்கிறது? நம் நாட்டில் வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் 1934 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது உண்மை. ஆனால் காலையில் ஒரு கடைக்கும் மதியம் இன்னொரு கடைக்கும் சுமந்து, மாலையில் மூட்டைக் கணக்கிற் கூலி பெறும் மனிதன், தன் முதலாளி இன்னார் என்று யாரைச் சுட்டிக் காட்டுவான்? சுட்டிக் காட்டினாலும் மறுநாள் அக்கடை வாசலில் அவனுக்கு மூட்டை கிடைக்குமா? சட்டப் புத்தகத்தில் இருப்பது வேறு, அது கணுக்காலை வந்தடைவது வேறு.

இங்கே வரலாற்றில் ஒரு வியப்பும் உண்டு. இலங்கையில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது 1907 இல். அதாவது காயமுற்ற தொழிலாளியைச் சட்டம் கண்ணெடுத்துப் பார்க்க இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்னரே, வண்டி மாட்டை அது பார்த்துவிட்டது. நம்மை ஆண்டவர்களின் நாட்டிலும் இதே ஒழுங்குதான். இலண்டனில் மிருகவதைத் தடுப்புச் சங்கம் 1824 இல் தோன்றிற்று. குழந்தைகளைக் கொடுமையினின்றும் காக்கும் சங்கம் அங்கே தோன்ற 1884 வரை செல்ல வேண்டியிருந்தது. இதனைக் கண்டு மாட்டின் மீது சினங் கொள்வது அறியாமை. மாட்டுக்குக் கிடைத்தது மிகையன்று. மனிதனுக்குக் கிடைக்க வேண்டியது பிந்திற்று என்பதே வழக்கு.

எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார்: “மனிதர் மருந்தின்றிச் சாகையில் எலிக்கு வைத்தியம் செய்வது மத்தியதர வர்க்கத்தின் சொகுசு அல்லவா?” அவர் தொழிற்சங்கத்தில் உழைப்பவர், வெறும் வாதத்துக்காகப் பேசுபவர் அல்லர். அவருக்கு நான் பேகனின் கதையை நினைவூட்டினேன்.

ஆவியர் குடித் தலைவன் வையாவிக் கோப்பெரும் பேகன், குளிரில் நடுங்குகிறதென்று எண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்தவன். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக வைத்து அவனை நாம் வகுப்பிற் படிப்பிக்கிறோம். பாடம் பெரும்பாலும் அத்துடன் முடிந்து விடுகிறது. ஆனால் புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள பாடல்களைத் திருப்பிப் பாருங்கள். பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியுடன் வாழ்ந்தான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்னும் நான்கு புலவர்கள் அவனிடஞ் சென்று, அவள் துயரைத் தீர்க்குமாறு வேண்டினர். மயிலின் நடுக்கத்தைக் கண்ட கண்கள் மனைவியின் கண்ணீரைக் காணவில்லை. அப்புலவர்கள் மயிலின் போர்வையைப் பறிக்கச் சொன்னார்களா? இல்லை. மயிலுக்கு இரங்கிய நெஞ்சு இவளுக்கும் இரங்க வேண்டுமென்றே கேட்டனர். இரக்கத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்வது அவர்கள் நெறியன்று. அதனை அது சேர வேண்டிய இடம் வரை கொண்டு செல்வதே அவர்கள் நெறி. அதுவே நம் நெறியாகவும் இருக்கலாமே!

சொகுசு என்ற குற்றச்சாட்டுக்கு இன்னொரு மறுமொழியும் உண்டு. ஹாம்ஸ்டர் மனிதனின் விளையாட்டுப் பொருளாக நம்மிடம் வந்ததன்று. நம் நோய்க்கு மருந்து தேடும் பணியில் அகப்பட்டு வந்தது. 1903 இல் சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்ள்ஸ் டொனவன், நெடுநாட் காய்ச்சலால் மண்ணீரல் வீங்கிய நோயாளரிடம் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். அதே ஆண்டில் லீஷ்மன் என்பாரும் அதனை அறிவித்தார். இருவர் பெயரும் சேர்ந்து லீஷ்மேனியா டொனவானி என்று அது பெயர் பெற்றது. அது விளைவிக்கும் காலா ஆசார் என்னும் நோய் அசாமிலும் வங்கத்திலும் பீகாரிலும் மண்சுவர்க் குடிசைகளில் வாழ்ந்த ஏழைகளைக் கொள்ளை கொண்டது. மணல் ஈ பரப்பும் அந்நோயை ஆராய்வதற்கு ஏற்ற பிராணியொன்று யெரூசலத்தில் சவுல் அட்லர் என்ற விஞ்ஞானிக்குத் தேவைப்பட்டது. அதற்காகவே 1930 இல் விலங்கியலாளர் இஸ்ரேல் அகரோனி, சிரியாவின் அலெப்போ அருகே ஒரு வயலைத் தோண்டி, தாய் ஹாம்ஸ்டர் ஒன்றையும் அதன் குட்டிகளையும் எடுத்து வந்தார். உலகெங்கும் வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களிற் பெரும்பாலானவை அந்த ஒரே குடும்பத்தின் சந்ததி. அதே ஒட்டுண்ணி இன்று இலங்கையில் தோல் நோயாகப் பரவி, உழவரையும் போர்வீரரையும் பிடித்திருக்கிறது. 2008 முதல் அது அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்று. சென்னை ஏழையின் காய்ச்சலும் கொட்டாஞ்சேனைக் காலணிப் பெட்டியும் ஒரே நூலின் இரு முனைகள் என்று கண்டபோது, நாம் அந்தச் சிற்றுயிருக்குக் கடன்பட்டவர்கள் என்றே எனக்குப் பட்டது.

கடனை நாம் எவ்விதம் தீர்க்கிறோம்? 2022 ஜனவரியில் ஹொங்கொங்கில், பிராணிகள் விற்கும் கடை ஊழியர் ஒருவருக்குத் தொற்றுக் கண்டதும், ஏறக்குறைய இரண்டாயிரம் ஹாம்ஸ்டர்களையும் பிற சிறு பிராணிகளையும் கொன்றுவிட அரசாங்கம் ஆணையிட்டது. நோய்த்தடுப்பின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆணை அவ்வளவு எளிதாகப் பிறந்ததற்கு ஒரு காரணம் விலை மலிவு என்பதையும் மறுக்க முடியாது. “இந்தக் காசில் புதிதாக இரண்டு வாங்கலாமே” என்ற சொல்லின் பெருவடிவம் அது. அச்சொல் ஹாம்ஸ்டரோடு நிற்பதுமில்லை. கணுக்கால் முறிந்த நாட்டாமையைப் பற்றி மொத்தக் கடைக்காரனின் கணக்குப் புத்தகமும் இதையேதான் சொல்கிறது: சீர்செய்வதைக் காட்டிலும் வேறொருவனைப் பிடிப்பது மலிவு. உயிரின் மதிப்பை அதன் விலையால் அளக்கும் பழக்கம் கூட்டுக்குள் தொடங்கினால் கூட்டுக்குள்ளேயே அடங்கிக் கிடக்குமா? பதினான்கு வயதுப் பையன் ஒருவன் அந்தக் கணக்கை ஏற்க மறுத்துப் பெட்டியின் மூடியை இறுக்கியதை, ஆகவே, நான் சிறு செயலாகக் கருதவில்லை.

நான்காவது கிழமையில், கடல் முகப்பில் இளைஞர்கள் கூடாரமடித்துப் போராடிக்கொண்டிருந்த ஏப்ரல் நாட்களில், ஹாம்ஸ்டர் நான்கு காலையும் ஊன்றி நடந்தது. சற்றே சாய்ந்த நடைதான். எடை நூற்றுப் பன்னிரண்டு. கம்பிச் சக்கரத்தைப் பையன் மீண்டும் பொருத்தவில்லை; இடைவெளியில்லாத வழுவழுப்பான சக்கரமொன்றைப் பிளாஸ்டிக் மூடிகளால் தானே செய்தான். அவற்றின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகளே. 2023 இன் பிற்பகுதியில் அது முதுமையுற்று இறந்தது. பையன் இப்போது உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறான். அவன் தந்தை இன்னும் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிறார். படியேறுகையில் கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறார்.

ஆசிரிய நண்பர்களே, கருணையைப் பற்றி நாம் வகுப்பில் நிறையப் பேசுகிறோம். அதனைக் கொடை என்றும், பண்பு என்றும், மனத்தின் மென்மை என்றும் வருணிக்கிறோம். முறிந்த எலும்பு வேண்டுவது மென்மையான மனத்தை மட்டுமன்று. அது நாட்களை வேண்டுகிறது; அந்த நாட்களுக்கு உணவை வேண்டுகிறது; அந்த நாட்களில் ஓடாதிருக்கும் உரிமையை வேண்டுகிறது. ஹாம்ஸ்டருக்கு இவை மூன்றும் ஓர் ஏழைக் குடும்பத்தால் கொடுக்க முடிந்தது. ஏனெனில் அதன் தேவை சிறிது. அக்குடும்பத்தின் தலைவனுக்கு இவை மூன்றையும் கொடுக்க அக்குடும்பத்தால் ஆகாது, தெருவால் ஆகாது, ஒரு நல்ல வைத்தியரின் பாதிக் கட்டணத்தாலும் ஆகாது. அது தொழிலாளர் ஒன்றுபட்டுக் கேட்டு, நாடு கொடுக்க வேண்டியது. அடுத்த முறை பேகனைப் படிப்பிக்கும்போது மயிலோடு நிறுத்திவிடாதீர்கள். நான்கு புலவர்கள் அரண்மனை வாசலில் நின்று கேட்டதையும் சேர்த்துப் படிப்பியுங்கள். கேட்பதற்கும் ஒரு மரபு நம்மிடம் உண்டு என்பதைப் பிள்ளைகள் அறியட்டும்.